முறுக்குச் சுற்றும் கைக்குக் கூலி எவ்வளவு?

சென்ற பொங்கல் விழாவில் மண்டப வாசலில் எனக்கும் ஒரு மேஜை போட்டுக் கொடுத்திருந்தார்கள். கைமுறுக்கு, தட்டை, வெல்லச் சீடை மூன்றும் வைத்திருந்தேன். நெடுநாள் பழகிய மாமி ஒருவர் ஐந்து சுற்று முறுக்கு ஒன்றை எடுத்து ஒரு விள்ளல் வாயில் போட்டுக்கொண்டு, "அப்படியே எங்க பாட்டி கைமணம்டீ" என்று கண்ணை மூடிக்கொண்டார். விலையைக் கேட்டதும் கண் திறந்துவிட்டது. "கிலோ 380ஆ? வீட்டிலே பண்றதுதானே! கடை வாடகையா, ஆள் சம்பளமா, உனக்கு என்ன செலவு?" என்றார். கால் கிலோ வாங்கிக்கொண்டு, 95 ரூபாய்க்கு 85 கொடுத்துவிட்டுப் போனார்.

அவர் மேல் எனக்குக் கோபமில்லை. "உனக்கு என்ன செலவு?" என்ற கேள்விக்குப் பத்து வருஷத்துக்கு மேல் "ஒன்றுமில்லை" என்றே பதில் சொல்லிக்கொண்டிருந்தவள் நான். யாரும் என்னை ஏமாற்றவில்லை. நானேதான் ஏமாந்தேன். என்னோடு சேர்த்து இன்னொருத்தியையும் ஏமாற்றினேன். அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

2012இல் ஒரு கோகுலாஷ்டமிக்குப் பக்கத்து வீட்டார் கேட்டார்களே என்று இரண்டு கிலோ செய்து கொடுத்ததில் ஆரம்பித்தது. நௌபாடாவில் நாலு வீடு, பிறகு கோட்பந்தர் ரோடில் பத்து வீடு, முலுண்டில் ஒரு கோயில் கோஷ்டி என்று பெருகியது. என் ஓரகத்தியும் கூட வந்து உட்கார்ந்துகொண்டாள். அவள் கை என் கையைவிட நன்றாகச் சுற்றும். நான் ஐந்து சுற்றுக்கு மேல் போனால் கோணும். அவள் ஒன்பது சுற்று, பதினொரு சுற்று சீர் முறுக்கைத் தாம்பாளம் மாதிரி சுற்றி வைப்பாள். கிலோ 240 ரூபாய்க்கு விற்றோம். அரிசி, உளுந்து, வெண்ணெய், எண்ணெய் வாங்கியது போக மிச்சம் இருந்தது. அதை லாபம் என்று நினைத்துக்கொண்டோம்.

2023 ஆடி மாதத்தில் ஒரு நாள் ஓரகத்தி மிகத் தயங்கிச் சொன்னாள்: "மன்னி, நான் அடுத்த மாசத்திலிருந்து வரலே. பக்கத்து சொஸைட்டியிலே சமையலுக்குக் கூப்பிடறா. ரெண்டு மணி நேர வேலைதான். மாசம் ஆறாயிரம் தராளாம்." எனக்குச் சுருக்கென்றது. குடும்பத்துப் பெண் இன்னொரு வீட்டில் சமையலுக்குப் போவதா என்று வீம்பாக ஏதோ சொல்லிவிட்டேன். அவள் பதில் சொல்லவில்லை. அன்று இரவு தூக்கம் வராமல் நோட்டுப் புத்தகத்தை எடுத்து முதல் தடவையாக ஒழுங்காகக் கணக்குப் போட்டேன்.

அன்றைய விலையில் ஒரு கிலோ கைமுறுக்குக்கு: 600 கிராம் பச்சரிசி, அரைப்புக் கூலியோடு 42 ரூபாய். 100 கிராம் உளுத்தம் மாவு 14. வெண்ணெய் 60 கிராம் 36. முறுக்கு குடிக்கும் எண்ணெய் 45. சீரகம், எள், பெருங்காயம் 13. காஸ் 15. பை, லேபிள், டப்பா 15. ஆகக்கூடி 180 ரூபாய். 240இல் இது போக மிச்சம் 60. இதுவரை எனக்குத் தெரிந்த கணக்குதான்.

தெரியாத கணக்கு அடுத்த வரியில் இருந்தது. ஐந்து கிலோ செய்வதற்கு அரிசியை ஊறவைத்து, வடித்து, நிழலில் உலர்த்தி, கிரணிக்குக் கொண்டுபோய் அரைத்து, சலித்து, பிசைந்து, சுற்றி, பொரித்து, ஆறவிட்டு, நிறுத்து, கட்டி முடிக்க இரண்டு பேருக்கு ஆறு மணி நேரம். அதாவது 12 மணி நேர உழைப்பு. ஐந்து கிலோவில் மிச்சம் 300 ரூபாய். பன்னிரண்டால் வகுத்தால் மணிக்கு 25 ரூபாய். ஓரகத்திக்கு அந்த சொஸைட்டி வீட்டில் மாதம் 26 நாள், 52 மணி நேரத்துக்கு ஆறாயிரம். மணிக்கு 115 ரூபாய். நான் அவளிடம் காட்டிய வீம்பின் விலை மணிக்கு 90 ரூபாய்!

மிச்சம் இருந்தது லாபமே அல்ல. அது எங்கள் இருவருடைய கூலியில் ஒரு சிறு பகுதி. பாக்கிக் கூலியை வாங்கித் தின்றவர்கள் எல்லோருக்கும் தானமாகக் கொடுத்திருக்கிறோம். சந்தோஷமாகக் கொடுத்தோம் என்பது வேறு விஷயம்.

நம்மிடையே இப்படி வீட்டில் பொடி இடிக்கிறவர்கள், அப்பளம் இடுகிறவர்கள், ஊறுகாய் போடுகிறவர்கள், ஞாயிற்றுக்கிழமைக்கு அடை மாவு அரைத்துக் கொடுக்கிறவர்கள் எத்தனையோ பேர். தாணே, கல்வா, டோம்பிவிலி, செம்பூர் எங்கே போனாலும் ஒரு மாமியோ ஓர் அக்காவோ இருப்பார். அவர்களிடம், "உங்கள் விலையில் உங்கள் கூலி எங்கே இருக்கிறது?" என்று கேட்டுப் பாருங்கள். சிரிப்பார்கள். "பொழுது போகிறதே" என்பார்கள். பொழுதுபோக்குக்காக மே மாத வெயிலில் எண்ணெய்ச் சட்டி முன்னால் நாலு மணி நேரம் யாரும் நிற்பதில்லை. பிள்ளையின் காலேஜ் பீஸுக்காக நிற்கிறார்கள்.

இந்தத் தொழில்கள் வளராமல் போவதற்குக் காரணம் கடன் கிடைக்காததோ, மெஷின் இல்லாததோ, விளம்பரம் தெரியாததோ அல்ல என்பது என் அபிப்பிராயம். கூலி சேராத விலையில் விற்கும் தொழிலில் இரண்டாவது ஆளைச் சேர்க்க முடியாது. வருகிறவர் கூலி கேட்பாரே! என் கை மட்டும் இருக்கும்வரை ஓடும். கை ஓய்ந்தால் தொழிலும் ஓய்ந்துவிடும். எனக்குத் தெரிந்து மாட்டுங்காவில் ஒரு பாட்டியின் நார்த்தங்காய் ஊறுகாய் அப்படித்தான் அவரோடு போயிற்று.

விலை ஏற்ற பயந்து நான் செய்த இன்னொரு காரியத்தையும் ஒப்புக்கொண்டு விடுகிறேன். 2019 தீபாவளிக்கு வெண்ணெய் விலை கையைக் கடித்தது. விலையைக் கூட்ட வாய் வரவில்லை. அதற்குப் பதிலாக 'ஸ்பெஷல்', 'சாதா' என்று இரண்டு ரகம் போட்டேன். சாதாவில் வெண்ணெயில் பாதியைக் குறைத்து வனஸ்பதி. கிலோவுக்கு 40 ரூபாய் குறைவு. எல்லோரும் தங்கள் வீட்டுக்கு ஸ்பெஷலும், ஆபீசில் கொடுக்கவும் அண்டை அயலுக்குக் கொடுக்கவும் சாதாவும் வாங்கினார்கள். அதாவது என் முறுக்கை முதன்முதலில் ருசி பார்த்த புது மனிதர்கள் அத்தனை பேரும் சாப்பிட்டது வனஸ்பதி முறுக்கு. மேல் அண்ணத்தில் ஒட்டுகிறது என்று ஒரு மராட்டிக் குடும்பத்தார் நாசூக்காகச் சொன்னார்கள். மறு வருஷம் அந்தப் பக்கத்திலிருந்து ஓர் ஆர்டரும் வரவில்லை.

இதே தவறைச் செய்ய இருந்து, நல்ல வேளையாகத் தடுக்கப்பட்ட ஏழு பெண்களின் கதை நம் ஊரிலேயே இருக்கிறது. தாணேயிலிருந்து ஒரு மணி நேர ரயில் தூரம்தான் கிர்காவ். அங்கே 1959 மார்ச் 15 அன்று ஒரு கட்டடத்தின் மொட்டை மாடியில் குஜராத்திப் பெண்கள் ஏழு பேர் உட்கார்ந்து நாலு பாக்கெட் அப்பளம் இட்டார்கள். முதல் 80 ரூபாய், அதுவும் கடன். கொடுத்தவர் சமூகத் தொண்டரான சகன்லால் கரம்சி பாரேக். சகன்பாபா என்று மரியாதையாகச் சொல்வார்கள். அப்பளம் புலேஷ்வரில் ஒரு வியாபாரியிடம் போயிற்று. லிஜ்ஜத் என்ற பெயர் 1962இல்தான் வந்தது. ஐந்து ரூபாய் பரிசு வைத்துப் போட்டி நடத்தித் தேர்ந்தெடுத்த பெயர். குஜராத்தியில் ருசி என்று அர்த்தம்.

லிஜ்ஜத்தின் பெருமையை எல்லோரும் சொல்கிறார்கள். சுமார் 45,000 பெண்கள், ஆயிரம் கோடிக்கு மேல் வியாபாரம், ஏழு பேரில் ஒருவரான ஜஸ்வந்திபென் போபட்டுக்கு 2021இல் பத்மஸ்ரீ. எனக்கு அந்தப் பெரிய எண்கள் உபயோகப்படவில்லை. உபயோகப்பட்டது முதல் மூன்று வருஷக் கதைதான்.

அவர்களும் ஆரம்பத்தில் இரண்டு ரகம் இட்டார்களாம். மட்ட ரகத்தைக் குறைந்த விலைக்கு விற்க எண்ணம். சகன்பாபா அதை நிறுத்தச் சொன்னார். ஒரே தரம், அதில் சமரசம் கூடாது, இதை வியாபாரமாக நடத்துங்கள், கணக்கை ஒழுங்காக எழுதுங்கள் என்றார். பெண்களும் தங்களுக்குள் ஒரு தீர்மானம் செய்துகொண்டார்கள்: நஷ்டமே வந்தாலும் நன்கொடை வாங்குவதில்லை. இந்தக் கடைசி வரியை நம் சங்கத்தார் கவனிக்க வேண்டும். பின்னால் அதற்கு வருகிறேன்.

முதல் வருஷ விற்பனை மொத்தம் 6,196 ரூபாய். மழைக்காலம் வந்ததும் அப்பளம் காயாமல் நாலு மாதம் வேலையே நின்றுபோயிற்று. மும்பை மழையைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மறு வருஷம் என்ன செய்தார்கள் தெரியுமா? ஒரு கட்டில் வாங்கினார்கள், ஓர் அடுப்பு வாங்கினார்கள். கட்டில் மேலே அப்பளம், கட்டிலுக்குக் கீழே அடுப்பு. வேலை நிற்கவில்லை. டிரையர் மெஷின் வாங்கக் கடன் தேடிக்கொண்டு உட்கார்ந்திருந்தால் இன்னொரு மழைக்காலம் போயிருக்கும். இதைப் படித்த அன்று நான் வாய்விட்டுச் சிரித்தேன். ஆடி மாதத்தில் அரிசி உலரவில்லை என்று நான் ஹாலில் பாயை விரித்து பேன் போட்டுவிட்டு, அதையே பெரிய யுக்தி என்று நினைத்துக்கொண்டிருந்தேன்!

மூன்றாம் வருஷ முடிவில் முந்நூறு பேருக்கு மேல். மொட்டை மாடி போதவில்லை. பெரிய இடம் பிடிக்கவில்லை. பிசைந்த மாவை நிறுத்துக் கொடுத்து, அவரவர் வீட்டில் இட்டுக் கொண்டுவரச் செய்தார்கள். திரும்பி வந்ததை நிறுத்து, தரம் பார்த்து, கட்டினார்கள். அப்பளம் இட்டதற்கு நிறைக்குத் தகுந்த கூலி. லாபம் வந்தால் அந்தக் கிளையில் இருப்பவர்கள் எல்லோருக்கும் சமம். உறுப்பினர் எல்லோருமே உடைமைக்காரர். வீட்டில் இடுவதற்குச் சுத்தமான இடம் இல்லாதவர்களை ஒதுக்காமல் நிறுப்பது, கட்டுவது போன்ற வேறு வேலை கொடுத்தார்கள். காதி கிராமத் தொழில் கமிஷன் அங்கீகாரமும் உதவியும் 1966இல்தான் வந்தன. ஏழு வருஷம் தங்கள் காலில் நின்ற பிறகு. தோல் சாமான், தீப்பெட்டி, ஊதுவத்தி என்று 1979இல் கை வைத்தவை தோற்றும் போயின. அப்பளத்தை விடாமல் பிடித்துக்கொண்டிருந்ததால் அந்தத் தோல்விகள் அவர்களைக் கவிழ்க்கவில்லை.

எல்லாம் பொன்னுலகம் என்று சொல்ல வரவில்லை. அப்பளம் இடும் கூலி எங்கேயும் பெரிய கூலி அல்ல. தாராவிச் சந்துகளில் கவிழ்த்து வைத்த கூடைகளின் மேல் அப்பளம் காய்வதை நீங்கள் பார்த்திருக்கலாம். அவற்றை இடுகிற பெண்கள் எல்லோரும் ஒரே நிலையில் இல்லை. சிலர் உறுப்பினர். சிலர் யாரோ ஒரு வியாபாரிக்குக் கூலிக்கு இடுகிறவர்கள். வேலை ஒன்றுதான். வருஷ முடிவில் லாபம் என்று ஒன்று வந்தால் அது யாருக்குப் போகிறது என்பதில்தான் வித்தியாசம்.

மும்பையில் இன்னொரு உதாரணமும் உண்டு. மில் தொழிலாளர்களுக்கு வீட்டிலேயே சாப்பாடு போட்டு வந்த கிரண்காவ் பெண்கள், வட்டிக்காரர்களிடம் மாட்டிக்கொண்டு தவித்தபோது, 1975இல் பிரேமா புரவ் என்பவர் அவர்களை அன்னபூர்ணா மகிளா மண்டலமாகத் திரட்டினார். குழுவாக நின்றதால் பாங்க் கடன் கிடைத்தது. அந்தப் பெண்களும் எத்தனையோ வருஷமாகத் தங்கள் உழைப்பைக் கணக்கில் சேர்க்காதவர்கள்தான்.

சரி, கதைக்கு வருகிறேன். கணக்குப் போட்ட மறுநாள் ஓரகத்தியிடம் போய், சொன்ன வார்த்தைக்கு வருத்தம் தெரிவித்தேன். "சமையலுக்குப் போ. உன் சௌகரியத்துக்கு மீதி நேரத்தில் வா. இனிமேல் கிலோவுக்கு இவ்வளவு என்று கையில் வாங்கிக்கொள்" என்றேன். மணிக்கு 60 ரூபாய் என்று வைத்துக்கொண்டோம். அந்த வீட்டுக்காரர்கள் கொடுப்பதில் பாதிதான். அதற்கே கிலோவுக்கு 144 ரூபாய் ஆயிற்று. 180ம் 144ம் 324. உடைசல், ரிக்ஷா, பாத்திரத் தேய்மானம் 20. நாளைக்கு ஒரு சாமான் வாங்க வேண்டுமென்றால் கை நீட்டாமலிருக்க 36. ஆக 380. ஸ்பெஷல், சாதா எல்லாம் போயிற்று. ஒரே ரகம், வெண்ணெய் 60 கிராம்.

ஐந்தில் இரண்டு வீட்டார் வாங்குவதை நிறுத்திவிட்டார்கள். அதில் பாதிப் பேர் நம் சங்கத்தவர்கள். எழுதத் தயக்கமாகத்தான் இருக்கிறது. இவர்களே மாட்டுங்கா போனால் கடையில் இதைவிட அதிக விலைக்குப் பேசாமல் வாங்கி வருகிறார்கள். கடைக்காரருக்குச் செலவு இருக்கிறது என்பது அவர்களுக்குப் புரிகிறது. வீட்டுக்காரிக்குச் செலவு இருக்கிறது என்பதுதான் புரிவதில்லை. ஆனால் அந்த வருஷமே புதிதாக வந்தவர்களில் பலர் மராட்டியர், குஜராத்தியர். சக்லி என்றால் அவர்களுக்கு உயிர். கையால் சுற்றியது என்று காட்டினால் விலை பேசாமல் வாங்கினார்கள்.

பிறகு லிஜ்ஜத் முறையை எங்கள் முறுக்குக்குத் தகுந்தபடி கொஞ்சம் மாற்றிப் பார்த்தோம். இப்போது நாலு வீடு. ஒன்று என்னுடையது, ஒன்று ஓரகத்தி வீடு, இன்னொன்று கல்வாவில் ஒரு திருநெல்வேலி அக்கா, நாலாவது எங்கள் கட்டடத்திலேயே ஒரு மராட்டித் தாயி. அவர் மூன்று வாரத்தில் கைமுறுக்கு சுற்றக் கற்றுக்கொண்டார். என் பெண் மூன்று வருஷமாகக் கற்றுக்கொண்டிருக்கிறாள். அப்பள மாவைப் பிசைந்து கொடுத்தனுப்புவது போல முறுக்கு மாவைக் கொடுத்தனுப்ப முடியாது. பிசைந்து அரை மணி ஆனால் காய ஆரம்பித்துச் சுற்றும்போதே விரியும். அதனால் அரிசி மாவு, உளுத்தம் மாவு, உப்பு, சீரகம், எள், பெருங்காயம் எல்லாம் கலந்து, ஒரு கிலோ முறுக்குக்கு ஒரு பை என்று நிறுத்துக் கொடுத்துவிடுகிறேன். வெண்ணெயும் அளந்து போகிறது. தண்ணீர் மட்டும் அவரவர் வீட்டது. பொரித்த முறுக்கு மாலையில் என் வீட்டுக்கு வந்து, ஒன்றை உடைத்துப் பார்த்து, நிறுத்து, கட்டுகிறோம். கூலி அன்றைக்கே கையில்.

மாவுதான் பெரிய தலைவலியாக இருந்தது. கைமுறுக்குக்கு ஈர அரிசி அரைக்க வேண்டும். தாணேயில் எந்த கிரணிக்காரரும் ஈர அரிசியைக் கண்டால் ஓட்டம்தான். கல்லில் ஒட்டிக்கொள்ளும், அடுத்து வருகிற கோதுமைக்காரர் சண்டை போடுவார். காய்ந்த அரிசியாக அரைத்தாலும் முன்னால் அரைத்த கோதுமை கலந்து நிறம் மாறும். சொந்தமாகப் பல்வரைசர் வாங்கலாமென்றால் சத்தத்துக்கு சொஸைட்டியில் சம்மதிக்க மாட்டார்கள். கடைசியில் வார விடுமுறையான திங்கட்கிழமையில் எங்களுக்காக மட்டும் ஒரு மணி நேரம் திறக்க ஒரு கிரணிக்காரர் ஒத்துக்கொண்டார். கூலி இரட்டிப்பு. மெஷினை அவரே கழுவித் துடைத்து வைத்துவிடுவார். அரைத்ததை அன்றே சலித்து, லேசாக வறுத்து வைத்தால் ஒரு வாரம் தாங்குகிறது.

ஒரு தடவை ஒரு வீட்டிலிருந்து வந்த மூன்று கிலோவை நான் திருப்ப வேண்டியதாயிற்று. எண்ணெய் பழையது. வாயில் வைத்த உடனே தெரிந்தது. மாசக் கடைசி, புது எண்ணெய் வாங்கக் கையில் பணமில்லை என்று பிற்பாடு சொன்னார். முகத்தைப் பார்த்துக்கொண்டு "இது வேண்டாம்" என்று சொல்வது இருக்கிறதே, ஏழு சுற்று சுற்றுவதைவிடக் கடினம். அன்று கூலியைக் கொடுத்துவிட்டு முறுக்கை விற்காமல் வைத்துக்கொண்டேன். அடுத்த வாரத்திலிருந்து எண்ணெயும் நானே அளந்து கொடுப்பது என்று வைத்துக்கொண்டேன். மீந்த எண்ணெய் திரும்பி வந்துவிட வேண்டும். முதலிலேயே செய்திருக்க வேண்டிய ஏற்பாடு. என்னிடம் முன்பணம் இருந்தது, அவரிடம் இல்லை. இது எனக்குத் தோன்றவேயில்லை.

சட்டத்தைப் பற்றி இரண்டு வார்த்தை. வீட்டில் செய்வதற்கு எதற்கு லைசென்ஸ் என்று நினைக்க வேண்டாம். 2006ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டம் 2011 ஆகஸ்டிலிருந்து அமலில் இருக்கிறது. வீட்டில் செய்து விற்பவரும் அதில் அடக்கம். சிறு வியாபாரிக்கு லைசென்ஸ் அல்ல, வெறும் பதிவுதான். 2011 விதிகளில் அதற்கு வருஷத்துக்கு 100 ரூபாய் என்று வைத்தார்கள். எங்கள் நாலு வீட்டுக்கும் தனித்தனியாகச் செய்தோம், ஏனென்றால் பதிவு இடத்துக்குத்தான். பதினாலு இலக்க எண் வந்தால் லேபிளில் போட வேண்டும். சேர்மானம், நிகர எடை, செய்த தேதி, எதுவரை சாப்பிடலாம் என்ற தேதி, பச்சைப் புள்ளி, விலாசம் எல்லாம் வேண்டும். இன்னொன்று: வீட்டுக்கான 14.2 கிலோ சிலிண்டரை வியாபாரத்துக்கு எரிக்கக் கூடாது. 19 கிலோ சிலிண்டர் வாங்க வேண்டும். காஸ் செலவு ஏறும், அதையும் விலையில் சேருங்கள். அந்த மாமி கேட்ட 'உனக்கு என்ன செலவு' என்ற பட்டியலில் இதுவும் ஒன்று.

சங்கத்தில் விஷயம் தெரிந்த ஓர் அன்பர், 2020இல் வந்த மத்திய அரசின் குறு உணவுத் தொழில் திட்டத்தைப் பற்றி எனக்கு அக்கறையோடு எடுத்துச் சொன்னார். மெஷினுக்கு 35 சதம் மானியம், பத்து லட்சம் வரை என்று அப்போது அறிவித்திருந்தார்கள். நல்ல திட்டம்தான். மிளகாய்ப் பொடி, சத்துமாவு, வத்தல் செய்கிறவர்கள் விசாரிக்க வேண்டும். எனக்குச் சரிப்படவில்லை. கைமுறுக்குக்கு மெஷின் கிடையாது. மெஷினில் பிழிந்தால் அது தேன்குழல். மேலும் மானியம் போக மீதி கடன் அல்லவா? மணிக்கு 25 ரூபாய் சம்பாதிக்கிற தொழிலுக்குக் கடன் வாங்கிப் பெரிதாக்கினால் நஷ்டமும் பெரிதாகும். கணக்கு சரியான பிறகு மெஷினைப் பற்றி யோசிக்கலாம்.

இப்போது சங்கத்தாருக்கு. நீங்கள் மேஜைக்கு வாடகை வாங்குவதில்லை. மேடையில் பெயர் சொல்லிக் கைதட்டச் சொல்கிறீர்கள். பொன்னாடையும் ஒரு தடவை போட்டீர்கள். நன்றி. ஆனால் அந்த ஏழு பெண்கள் நன்கொடை வேண்டாம் என்று ஏன் சொன்னார்கள் என்று யோசித்துப் பாருங்கள். இலவச மேஜை போட்டால், "ஸ்டாலுக்கு வாடகைகூட இல்லையே, குறைத்துக் கொடேன்" என்று வாங்குகிறவர் கேட்கிறார். மேஜைக்கு நியாயமான வாடகை வாங்கிக்கொள்ளுங்கள். அதற்குப் பதிலாக விழாவுக்கு வேண்டிய பலகாரத்தை ஒரு மாதம் முன்னதாகச் சொல்லி, பாதிப் பணத்தை முன்பணமாகக் கொடுங்கள். முன்பணம் கிடைத்தால் எண்ணெய், வெண்ணெயை மொத்தமாக வாங்கலாம். பழைய எண்ணெயில் பொரிக்கும்படி யாருக்கும் ஆகாது. தீபாவளி, கோகுலாஷ்டமிக்கு எல்லோரும் வருகிறீர்கள். பிப்ரவரியிலும் ஜூனிலும் யாரும் வருவதில்லை. கூலிக்கு வருகிற பெண்ணுக்கு அந்த மாதங்களிலும் பள்ளிக்கூட பீஸ் உண்டு. சங்கக் கமிட்டி கூடும்போது தட்டில் வைக்கும் பிஸ்கோத்துக்குப் பதில் அரை கிலோ தட்டை வாங்கினால்கூட மாதத்துக்கு ஓர் ஆர்டர் நிச்சயம்.

ஏழை வீட்டில் 380 கொடுத்து எப்படி வாங்குவார்கள் என்று ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. கால் கிலோ, நூறு கிராம் பை போட்டுத் தருகிறேன். உடைசலைப் பாதி விலைக்குத் தருகிறேன், ருசி ஒன்றுதான். விலையைக் குறைத்து எல்லோருக்கும் கொடுப்பதென்றால் அந்தக் குறைவை யார் கையிலிருந்து எடுப்பது? கல்வா அக்கா கையிலிருந்தா?

ஓரகத்தி அந்த வீட்டுச் சமையலை இன்னும் விடவில்லை. இங்கே மணிக்கு 60, அங்கே 115. விடு என்று சொல்ல எனக்கு வாயில்லை. சீர் முறுக்கு ஆர்டர் வந்தால் மட்டும் இரண்டு நாள் லீவு போட்டுவிட்டு வந்து உட்காருகிறாள். ஒன்பது சுற்றுக்கு மேல் போனால் தனிக் கூலி என்று அவளே விலை சொன்னாள். நான் பேரம் பேசவில்லை.

வருகிற தீபாவளிக்கு நாலு வீட்டிலுமாகச் சேர்த்து 120 கிலோ கைமுறுக்குதான் முடியும். வீட்டுக்கு ஒரு நாளைக்கு மூன்று கிலோ, பத்து நாள். அதற்கு மேல் எடுத்தால் தூக்கம் கெட்டு, சுற்று கோணும். வேண்டியவர்கள் ஒரு மாதம் முன்னதாகச் சொல்லிவிடுங்கள். கிரணிக்காரர் திங்கட்கிழமைதான் அரைப்பார்.